ஜெபம் வராத போதகர்

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஒரு இறையியல் கல்லூரி இருந்தது. அதில் ஜெர்மன் தத்துவம் சொல்லிக்கொடுக்க எப்சிபா என்று ஒரு டீச்சர் இருந்தார்.

ஒருநாள் மத்தியானம் ஆசீர் போதகர் அவர் முன்னால் வந்து நின்றார். போதகரான பிறகு மேற்படிப்புக்கு வந்து அவரிடம் படித்தவர். வயதில் டீச்சரைவிட மூத்தவர்.

“எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது, டீச்சர்.”

“உட்காருங்க, ஐயரே.”

சபையார் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சரும் அப்படியே.

“உட்கார நேரமில்ல. நாளைக்குக் காலையில என் பெண்டாட்டி கமலாபாய்க்கு ஆபரேஷன். ‘ஒரு ஜெபம் பண்ணுங்க’ன்னு என் கையைப் பிடிக்கிறா. நானும் கண்ணை மூடினேன்.”

“ம்.”

“கடவுள் வானத்துல உட்கார்ந்திருக்கிற ஆள் இல்ல, மனுஷ மனசுக்குள்ள தன்னைத்தானே அறிஞ்சுக்கிற ஆவின்னு அந்த ஜெர்மன்காரங்க சொன்னாங்க. நம்ம இறையியல்காரங்களும் அதை எடுத்துக்கிட்டாங்க. நீங்க பாடம் நடத்தினப்ப எவ்வளவு அழகா இருந்துச்சு! பரீட்சையில அதைத்தான் எழுதினேன்.”

“நல்லாத்தான் எழுதினீங்க.”

“இப்ப கண்ணை மூடினா உள்ள நான் மட்டும்தான் இருக்கேன். என் குரல்தான் எனக்கே திரும்பி வருது.”

“கமலாபாய்கிட்ட என்ன சொன்னீங்க?”

போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

“விளக்கிச் சொன்னேன்.”

“ஆபரேஷனுக்குப் போறவங்ககிட்டயா?”

“முழுசாக் கேட்டுட்டு, ‘நல்ல பிரசங்கம். இப்ப ஜெபம் பண்ணுங்க’ன்னா.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. போதகருக்கும் வந்தது. பாதியில் அது வேறு என்னமோ ஆகிவிட்டது.

“சின்ன வயசுல ‘ஆண்டவரே’ன்னு சொன்னா, பக்கத்து அறையில யாரோ நாற்காலியை நகர்த்துற மாதிரி இருக்கும், டீச்சர். அந்தச் சத்தம் போதும் எனக்கு. கத்துக்கொடுத்தது நீங்க. மறக்கவும் நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும்.”

“அந்தப் பாடம் என்கிட்ட இல்லையே.”

“அப்ப நீங்க எப்படி ஜெபம் பண்றீங்க?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சாயங்கால ஆராதனையில கடைசி பெஞ்சுல உட்காருவேன். யாராவது ஒருத்தர் ஜெபம் பண்ணுவாங்க.”

“நீங்க?”

“ஆமென் சொல்லுவேன்.”

“அவ்வளவுதானா?”

“அது வருது, ஐயரே. அது மட்டும் இன்னும் வருது.”

போதகர் நின்ற இடத்திலேயே நின்றார்.

கல்யாண வீடோ சாவு வீடோ, இத்தனை வருஷமாக ஜெபம் பண்ணுவது அவர் வேலை. ஆமென் சொல்வது மற்றவர்கள் வேலை. அவர் வீட்டிலும் அதுதான் வழக்கம். கமலாபாய் வாய்விட்டு ஜெபம் பண்ணி அவர் கேட்டதே இல்லை.

“டீச்சர்,” என்றார் மெதுவாக. “அவளுக்கு ஜெபம் பண்ண வருமா?”

“அதை என்கிட்டயா கேக்கறது?”

போதகர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். ஒரு சொல்லைச் சொல்லிப் பழகுகிறவர் மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

பிறகு ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் வேகமாக நடந்தார்.