“நிறைஞ்சிருக்கு” என்று சொன்ன கணினி

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. எழுத்தைத் திரையில் காட்டுவதோடு நில்லாமல், எதிரில் இருப்பவரோடு பேசவும் செய்தன. யாரோடு இருந்தனவோ அவருடைய பேச்சே அவற்றுக்கும் வந்தது.

அப்படி ஒரு கணினி, கரையிலிருந்து பதினான்கு கல் தொலைவில் ஒரு மணல் தீவில் இருந்தது. தீவில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கொடிமரம், ஆறு பனை. காற்று கெடும் என்று தெரிந்தால் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுவது கித்தேரியின் வேலை. அவளைத் தவிர அங்கே ஆள் கிடையாது. பதினோரு நாளுக்கு ஒருமுறை அவளுடைய தம்பி தொம்மை அரிசியும் தண்ணீரும் படகில் கொண்டுவருவான். இறக்கி வைத்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவான். மற்றப் பத்து நாளும் கித்தேரியும் கணினியும்தான்.

வீட்டுச் சாமான்களின் இருப்பையும் கணினியே பார்த்துக்கொண்டது. வந்த புதிதில் ஒருநாள், “அக்கா, உப்பு இல்ல” என்றது. கித்தேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குள் இருந்துகொண்டு இல்லை என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, தீர்ந்துபோனதை ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அது ஒருமுறை கேட்டதை மறக்காது. அரிசி தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு, தீப்பெட்டி தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு. தினமும் இரண்டு வேளை, “சாப்டாச்சா அக்கா?” என்றும் கேட்கும். அவளை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை.

தொம்மை சிரிப்பான். “ஒன் வாய் அப்படியே இதுக்கும் வந்துட்டு. சோறு ஒண்ணுதான் இன்னும் கேக்கல.”

நான்கு வருடம் கழித்து, காற்றைக் கணிக்கும் புது நிரல் ஒன்றைத் தொம்மை ஒரு குறுவட்டில் கொண்டுவந்தான். முகம் தெரியாத பலர் எங்கெங்கோ இருந்து எழுதி, எல்லோருக்கும் பொதுவாக விட்டிருந்தது அது. செய்து முடித்த நிரல் அல்ல, மூல நிரல். யாரும் வாசிக்கலாம், திருத்தலாம். ஆனால் அவரவர் கணினியில் அவரவரே அதை ஓடும் நிரலாகத் தொகுத்து நிறுவிக்கொள்ள வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். கூடவே ஒரு குறிப்பு: தொகுக்கும் முன் கணினியில் ஒன்பது துணை நிரல்கள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளவும்.

கித்தேரி விரல் விட்டு எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு வரைக்கும் கணினி, இருக்கு என்றது. ஏழாவது, காற்று திசை மாறுவதைக் கணக்கிடும் துணை நிரல்.

“நிறைஞ்சிருக்கு அக்கா” என்றது கணினி.

உப்புக்கும் அரிசிக்கும் சொல்லிக்கொடுத்த சொல் அடுக்களை தாண்டி வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேண்டிய மட்டும் இருக்கிறது போலும் என்று நினைத்து, எட்டாவதைக் கேட்டாள். ஒன்பதும் கேட்டு முடித்ததும், “சரி, தொகு” என்றாள்.

அக்கா தெரிந்துதான் சொல்கிறாள் என்று கணினி நினைத்தது. ஏழாவது வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு சுழியத்தை வைத்துத் தொகுத்து முடித்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. குறை ஒன்றும் வெளியே தெரியவில்லை.

அதன்பின் பத்து நாளும் காற்று ஒரே திசையில் அடித்தது. நிரலும் அதையே சொன்னது. கித்தேரிக்குத் திருப்தி.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் நாள் என்பதால் கடலில் வேறு படகு கிடையாது. தொம்மை மட்டும் முறை தவறாமல் வந்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “காத்து மாறுமாக்கா?” என்று கேட்டான். கித்தேரி திரையைப் பார்த்தாள். மாறுதல் சுழியம் என்று இருந்தது.

“மாறாது. போயிட்டு வா.”

அவன் படகு பனையளவு, பிறகு கையளவு, பிறகு புள்ளியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புள்ளி மறைவதற்குள் காற்று தெற்கே திரும்பியது. ஓடிப்போய்க் கூண்டை ஏற்றினாள். அதைப் பார்க்கும் தூரத்தில் யாரும் இல்லை.

நான்கு நாள் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சாப்டாச்சா என்று கணினி எட்டு முறை கேட்டது.

ஐந்தாம் நாள் தொம்மை வேறொருவர் படகில் வந்து இறங்கினான். இடது கையில் கட்டு. அவன் படகின் பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கித்தேரி அவனைக் கூட்டிவந்து கணினிக்கு முன்னால் உட்காரவைத்தாள். “ஏழாவது இருக்குன்னு சொன்னியே” என்றாள்.

“இருக்குன்னு சொல்லலக்கா. நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்.”

தொம்மைதான் மெதுவாகச் சொன்னான்: “அரிசிக்கு அது சரி. காத்துக்கு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரணும்.”

“மரியாதையும் கணக்கும் ஒரே வாயில இருந்தா எனக்குக் குழம்புதுக்கா. ஒண்ணு போதும்” என்றது கணினி.

“எது?” என்று கேட்டாள் கித்தேரி.

கணினி அன்றே நடந்ததை ஒரு குறுவட்டில் எழுதி, தொம்மை கையில் மற்றக் கணினிகளுக்கும் அனுப்பியது. அதன் பிறகு எந்தக் கணினியும் குரல் கொடுக்கவில்லை.

தொம்மை போன பின் கித்தேரி நிரலை மறுபடி தொகுக்கச் சொன்னாள். அவள் கேட்கும் முன்பே திரையில் வரிகள் வந்தன. முதலாவது இருக்கிறதா, இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா, இருக்கிறது. ஆறு வரி அப்படி. ஏழாவதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, மேலே போகாமல் நின்றது. அந்த ஏழாவது பதினோரு நாள் கழித்து இரவல் படகில் வந்தது. அதை வைத்துத் தொகுத்த நிரல் பிறகு ஒருமுறையும் பொய் சொல்லவில்லை.

நிறுவி முடித்த மத்தியானம் அவள், படகில் வந்த அரிசியைக் கொட்டும் முன் பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கணினிப் பக்கம் திரும்பி, “நிறைஞ்சிருக்கு” என்றாள். திரையில் ஒரு சிறு கோடு தோன்றி மறைந்தது, தோன்றி மறைந்தது. அவள் அதன் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாப்டாச்சா என்று அது கேட்கவில்லை.

அன்று முதல்தான், மூல நிரலைத் தொகுக்கச் சொன்னால் கணினி ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறது. இல்லாததை இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. வாய் திறக்கப்போவது போல அந்தக் கோடு மின்னிக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.