சவரிமுத்து நின்ற இடம்

சாயப்பட்டறைக் கழிவால் நோயுற்றவர்களின் வாக்குமூலங்களை ஒரு சிறு அமைப்பு சேகரித்து வந்தது. அந்த ஒலிப்பதிவுகளின் களஞ்சியம் இருந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து. ஐம்பத்து நான்கு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். கற்றுக்கொடுத்த ஃபரீதா அவரைவிட இருபது வயது இளையவள்.

ஒருநாள் மதியம் வெளிறிய முகத்தோடு அவள் மேஜை முன் வந்து நின்றார்.

"டீச்சர், 'பழசு' ஃபோல்டரை அழிச்சிட்டேன்."

"உங்க ஃபோல்டர்ல இருந்ததுதானே?"

"அப்படி நினைச்சுத்தான் அழிச்சேன். என்னோடது அப்படியே இருக்கு. களஞ்சியத்துல இருந்த 'பழசு' போயிடுச்சு."

முதல் ஆறு வருடத்துக் குரல்கள் அதில்தான் இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை.

"நகல்?"

"அந்த டிஸ்க் போன மாசமே கெட்டுப்போச்சு. புதுசு இன்னும் வரல."

ஃபரீதா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

"என்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. அழிக்க மட்டும் வேண்டாம்."

அவருடைய ஃபோல்டரில் 'குரல்' என்றொரு லிங்க் இருந்தது. களஞ்சியத்துக்குள் 'பழசு'க்குப் பக்கத்தில் இருக்கும் குரல் ஃபோல்டருக்கு அது குறுக்குவழி. அதன் வழியாக உள்ளே போனார்.

"ஒரு படி வெளிய வர cd .. போடுங்க."

போட்டார். தன் ஃபோல்டருக்கே திரும்பி வந்தார்.

"பாத்தீங்களா? ரெண்டு புள்ளி எப்பவும் என் இடத்துக்குத்தான் கூட்டிட்டு வரும். அதை நம்பித்தான் உள்ள நின்னுக்கிட்டே, அழிக்கச் சொல்லி rm -r ../பழசு அடிச்சேன்."

"மறுபடி உள்ள போங்க. எங்க நிக்கிறீங்கன்னு கேட்டு pwd அடிங்க."

அவர் பெயரோடு அவர் ஃபோல்டரின் பாதை வந்தது.

"இப்ப pwd -P. அதுதான் நிஜமான இடத்தைச் சொல்லும்."

களஞ்சியத்தின் பாதை வந்தது. அதில் அவர் பெயரே இல்லை.

"அப்ப நான் நின்னது..."

"களஞ்சியத்துலண்ணே. cd நீங்க வந்த வழியைப் பாத்துத் திரும்பும். rm-க்கு வந்த வழி தெரியாது. நிக்கிற இடம்தான் தெரியும்."

சாயங்காலம் வரை ஃபரீதா டிஸ்கைத் தோண்டிப் பார்த்தாள். பெயரில்லாத துண்டுகள் கிடைத்தன. ஒன்றிலும் சத்தம் வரவில்லை.

அப்போது பொன்னுத்தாயி என்ற பெண் வாசலில் வந்து நின்றாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் போய் நாளையோட ஒரு வருசம், தலைத் தெவசம். நீங்க பதிய ஆரம்பிச்ச முதல் வருசமே அவர் பேசுனதை இந்தப் போன்ல ஏத்திக் குடுங்க."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு சவரிமுத்து உள்ளே வந்தார்.

"டீச்சர், இது எப்படி ஆச்சுன்னு அந்தம்மாவுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்?"

"எப்படின்னு அவங்க கேக்கமாட்டாங்கண்ணே. குரல் இருக்கா இல்லையான்னுதான் கேப்பாங்க."