ஈரத் தட்டு

கோவைக்கு வெளியே ஒரு வால்டார்ஃப் பள்ளி. சின்னக் குழந்தைகளுக்கு அங்கே எழுத்தும் கிடையாது, தேர்வும் கிடையாது. மாவு பிசைவார்கள், பாடுவார்கள், கதை கேட்பார்கள், மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடுவார்கள்.

அந்த வகுப்பின் ஆசிரியை செலினுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்த பூவராகனுக்கோ தலை நரைத்துவிட்டது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் இயற்பியல் நடத்தியவர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் இதழினிக்கு இப்போது ஆறு வயது. அப்பாவின் குரல் கேட்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அதுதான் அவரை இங்கே கொண்டுவந்தது.

சில நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"நீங்க எதையும் சொல்றதே இல்ல டீச்சர். பிள்ளைங்க தானா செய்யறாங்க. நான் எத்தனை தடவை சொன்னாலும் என் பொண்ணு அசையறதில்ல. இதுல என்ன சூட்சுமம்?"

செலின், குழந்தைகள் பால் குடித்துவைத்த டம்ளர்களைக் காட்டி, இனிமேல் அவற்றைக் கழுவும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

பூவராகனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கழுவினார். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, உச்சுக்கொட்டி, டம்ளர்களை ணங்கென்று கவிழ்த்து, நடுநடுவே மணி பார்த்து.

மறுநாள் விளையாட்டு நேரத்தில், ஆதவி என்கிற குழந்தை மூலையில் உட்கார்ந்து மரக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லை. ஒவ்வொன்றையும் ணங்கென்று கவிழ்த்தாள். உச்சுக்கொட்டினாள். வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பூவராகனின் புருவச் சுளிப்புகூட அப்படியே இருந்தது.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செலினைப் பார்த்தார். செலின் தலை நிமிராமல் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் கழுவும்போது குழாய் மெல்லிசாக ஓடியது.

பிறகு ஒருநாள், வீட்டில் சாப்பாடு முடிந்ததும் பூவராகன் யாரையும் கூப்பிடவில்லை. தட்டுகளை எடுத்துப்போய் ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினார். பின்னால் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இதழினி அதன்மேல் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். அவர் கையிலிருந்த ஈரத் தட்டை வாங்கித் துடைத்தாள். அடுத்த தட்டுக்குக் கை நீட்டினாள்.

அவருக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை, குழந்தைகள் வருமுன்பே வந்து செலினிடம் அதைச் சொன்னார்.

"அப்போ இத்தனை நாளும் அவ என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்காளா?"

"ஆமா சார்."

"சந்நிதி முன்னால நிக்கிற மாதிரி பயமா இருக்கு டீச்சர். இந்தப் பயம் எப்போ போகும்?"

வெளியே பிஞ்சுக் காலடிகள் கேட்டன. செலின் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"எனக்கு இன்னும் போகல சார். போயிடுச்சுன்னா, அப்புறம் நான் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது."