மகாராஜா மட்டும் கேட்காத சத்தம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்லச் சொன்னாலும் சரி. கூட்டியது கிடையாது, குறைத்தது கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு.

முன்னொரு காலத்தில், எந்தத் திசையில் நடந்தாலும் வந்து சேர்ந்துவிடக்கூடிய ஒரு நாட்டில், உத்தண்ட மகாராஜா என்பவர் அரசாண்டார். நல்ல மனிதர். ஒரே ஒரு பைத்தியம். தினமும் சபை கூடியதும் யாராவது ஓர் அதிசயத்தைச் சொல்லியாக வேண்டும். வரி, வழக்கு, பகைவன் படையெடுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். படுத்திருக்கும் மாடு எழும்போது பின்னங்காலை முதலில் ஊன்றும், குதிரை முன்னங்காலை முதலில் ஊன்றும் என்று ஒருநாள் ஒருவர் சொல்லிவிட்டார். மகாராஜா சபையை அப்படியே விட்டுவிட்டுத் தொழுவத்துக்கும் லாயத்துக்கும் மாறி மாறி ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மனிதன் எந்தக் காலை முதலில் ஊன்றி எழுவான் என்று யோசிக்கப் போய், எல்லோருக்கும் எழுந்திருப்பதே மறந்து போயிருந்தது.

அந்தச் சபையின் விகடகவி காத்தமுத்து. பிரதானி அனந்தராயர். ராயர் ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடிக் கொண்டுவந்த அதிசயத்துக்கு மகாராஜா தலையை அசைப்பார். காத்தமுத்து போகிற போக்கில் ஒன்றைச் சொன்னால் விரல் மோதிரத்தைக் கழற்றுவார். ராயருக்கு அது வயிற்றில் மிளகாய் அரைப்பது போல இருந்தது.

ஒருநாள் மலைநாட்டுத் தேன் வியாபாரி ஒருவன் அதிசயம் சொல்ல வந்து நின்றான்.

"மகாராசா, நான் புலி உறுமிக் கேட்டவன், கரடி கத்திக் கேட்டவன். ஆனா நேத்து மத்தியானம் ஒங்க அரமனை மதிலோரமாக் கேட்ட சத்தத்த இந்தப் பொறப்புல கேட்டதில்லீங்க. மொதல்ல பலாமரத்த ரம்பம் போட்டு அறுக்குறாப்புல. அப்புறம் சேத்துல மாட்டுன எருமைய இழுக்குறாப்புல. அப்புறம் சத்தமே இல்ல. செத்துப்போச்சுடான்னு பாத்தா, ஒரு சீழ்க்கை! மறுபடியும் ரம்பம்."

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

மகாராஜா மத்தியானச் சாப்பாடு முடித்துக் கண்ணயர்ந்தால் விடுகிற குறட்டை அது. பட்டத்து ராணி முதல் யானைப்பாகன் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், அவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு ஒரு விசிறிக்காரன் உண்மையைச் சொல்லிப் பார்த்தான். ராஜ மூக்கைப் பழித்தவன் என்று அவனை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அரண்மனையில் யாருக்கும் அந்த உண்மை ஞாபகத்துக்கு வரவில்லை.

"என் அரண்மனையிலா?" என்றார் மகாராஜா. "நான் கேட்டதே இல்லையே! பிரதானி, நீர் கேட்டதுண்டா?"

"உண்டு மகாராஜா."

"சேனாதிபதி?"

"உண்டு மகாராஜா. பலமுறை."

மணியடிப்பவனும் கேட்டிருந்தான். குளத்துத் தவளை முதற்கொண்டு கேட்டிருந்தது. மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதிசயத்தை நான் தேசம் தேசமாகத் தேடுகிறேன். அது என் வீட்டுக்குள்ளேயே சத்தம் போடுகிறது, எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை!"

ராயர் இடுப்புச் சால்வையை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, அது ஏதோ அபூர்வமான விலங்காக இருக்க வேண்டும். அதைப் பிடிக்கும் சாமர்த்தியம் இந்தச் சபையில் காத்தமுத்து ஒருவனுக்கே உண்டு."

"சரியாகச் சொன்னீர். காத்தமுத்து! வருகிற பௌர்ணமிக்குள் அந்தச் சத்தத்தைச் சபைக்குக் கொண்டுவந்து என் காதில் கேட்கச் செய்ய வேண்டும். செய்தால் கேட்டதைத் தருவேன். தவறினால் உப்பளம்."

காத்தமுத்து கும்பிட்டான். உண்மையைச் சொன்னால் உப்பளம். சொல்லாவிட்டாலும் உப்பளம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு உப்பு கரித்தது.

மறுநாள் மகாராஜா, தானே கூட இருந்து விலங்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் காத்தமுத்து நின்றான். ஒரு சத்தமும் இல்லை. மகாராஜாவின் தலை மெல்லச் சாய்ந்தது. வந்தது ரம்பம். ஜன்னல் கதவு நடுங்கியது. எருமை சேற்றிலிருந்து பாதி வெளியே வந்த நேரத்தில் மகாராஜா திடுக்கிட்டு எழுந்தார்.

"வந்ததா?"

"வந்தது மகாராஜா."

"எங்கே?"

"இங்கேதான், மகாராஜா. மிகவும் கிட்டத்தில்."

"என்னை ஏன் எழுப்பவில்லை? இல்லையில்லை, நான் எங்கே தூங்கினேன்? கண்ணை மூடி யோசித்துக்கொண்டல்லவா இருந்தேன்!"

"மகாராஜா யோசிக்கும்போது வருகிறது. யோசனை முடிந்தால் போய்விடுகிறது."

மகாராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "அப்படியென்றால் அதற்கு என்னைக் கண்டு பயம்." சற்று யோசித்தார். "ஆனால் பயந்த விலங்கு ஏன் இத்தனை கிட்டத்தில் வருகிறது?"

காத்தமுத்துவும் யோசித்தான். அந்தக் கேள்வியை மகாராஜாவின் பக்கமிருந்து பார்த்தால் அவனுக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் சேனாதிபதிக்கு உத்தரவு பிறந்தது: ஈட்டியோடு நிற்க வேண்டும், சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே குத்த வேண்டும். மகாராஜா யோசிக்கத் தொடங்கினார். ரம்பம் கிளம்பியது. சேனாதிபதியின் ஈட்டி சத்தத்தைப் பின்பற்றிச் சுவரோரம் போனது, விதானத்துக்குப் போனது, கட்டில் காலுக்கு இறங்கியது, கடைசியில் ராஜ மீசைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. சேனாதிபதிக்கு வியர்த்துக் கொட்டியது.

"காத்தமுத்து, குத்தாட்டி என் தலை போயிடும். குத்தினா..." என்று கிசுகிசுத்தார். "என்னய்யா செய்யறது?"

"குத்தாதீங்கய்யா! சத்தம் காதுல கேக்கணும்னுதான் உத்தரவு. செத்த சத்தம் எப்படிக் கேக்கும்?"

நிம்மதியில் சேனாதிபதியின் கை நழுவியது. ஈட்டி தரையில் விழுந்த ஓசையில் மகாராஜா எழுந்தார்.

"ஓடிவிட்டதா?"

"ஓடிவிட்டது மகாராஜா" என்றார்கள் இருவரும்.

காத்தமுத்து வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தான். பிசைந்தான். மறுபடியும் பிசைந்தான்.

"என்னங்க, சோத்தக் கூழாக்கிக் குடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி அன்னக்காமு.

"ராசாகிட்ட நெசத்தச் சொல்லிடலாமான்னு பாக்குறேன். கோவப்படாம கேட்டார்னா நம்பிடுவாரு."

"எங்க நம்புவாரு? நீங்க நம்புனீங்களா?"

"நான் எதடி நம்பணும்?"

"ஒங்க கொறட்டைய."

காத்தமுத்துவின் கை நின்றது. "நானா? கொறட்டையா?"

"கல்யாணமான மறுநாள்லேருந்து சொல்றேன்."

"அது நீ வெளையாட்டுக்குச் சொல்றேன்னுல்ல நெனச்சேன்!"

கையைக்கூடக் கழுவாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே எண்ணெய்ச் செக்கு ஓட்டும் சடையப்பர் பிண்ணாக்கு அள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சத்தியமாச் சொல்லுங்க. நான் கொறட்டை விடுறனா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க செக்குமாடே ஒங்க கொறட்டைக்குத்தான் சுத்துது. நீங்க பொரண்டு படுத்தா அது நின்னுடும். ஒரு வாரம் நீங்க வெளியூரு போயிருந்தப்ப எங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் எறங்கல."

காத்தமுத்து வீடு திரும்பினான். எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. தன் காதால் கேட்காததை எப்படி நம்புவது? அப்போதுதான் உறைத்தது. உலகத்தையே ஏமாற்றிப் பிழைக்கிற தானே நம்பவில்லை என்றால், மகாராஜா எப்படி நம்புவார்?

பௌர்ணமியும் வந்துவிட்டது. அன்று காலையில் மகாராஜா ஆற்றங்கரைக்கு உலாவப் போயிருந்தார். விலங்கு என்று காட்ட ஏதாவது அகப்படுமா என்று காத்தமுத்து பள்ளியறைக்குள் நுழைந்தான். கட்டில் காலி. அறையில் ஆள் இல்லை.

ரம்பம் அறுக்கத் தொடங்கியது.

காத்தமுத்துவுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. மகாராஜா ஆற்றங்கரையில், குறட்டை கட்டிலருகில். ஒருவேளை விலங்கு நிஜமாகவே இருக்கிறதோ? இத்தனை நாளாக ஊரே பாவம் ராஜாவைச் சந்தேகப்பட்டதோ? தானும் இங்கே நின்றுகொண்டே தூங்கி, தன் குறட்டையைத்தான் கேட்கிறோமோ? கையைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. எருமை சேற்றிலிருந்து வெளியே வந்தது. அமைதி. பிறகு சீழ்க்கை. சீழ்க்கை வந்த பக்கம் கட்டிலின் அடியில் பார்த்தான், திரைக்குப் பின்னால் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். ராணி வளர்க்கும் மலைமைனா கூண்டில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சபை கூடியது. பட்டுத்துணி மூடிய கூண்டோடு காத்தமுத்து வந்தான். ராயர் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கியதும் மகாராஜாவின் முகம் தொங்கிவிட்டது.

"இவ்வளவு சிறியதா?"

"உருவத்தைப் பார்க்க வேண்டாம் மகாராஜா. சத்தத்தைக் கேளுங்கள்."

மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரம்பத்தை எடுத்தது.

அப்போது நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் மகாராஜா உறங்கிவிட்டார் என்று அர்த்தம். அரண்மனைக்கே ஓய்வு என்று அர்த்தம். வாயிற்காவலர்கள் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்தினார்கள். விசிறிக்காரர்கள் விசிறியைக் கீழே வைத்தார்கள். சமையற்காரர்கள் பந்திக்கு இலை போட்டார்கள். சேனாதிபதி வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ராயர் தலைப்பாகையைக் கழற்றி, அதையே சுருட்டித் தலைக்கு வைத்து, சபை நடுவே கால் நீட்டிப் படுத்தார்.

"இதென்ன கூத்து!" என்று கத்தினார் மகாராஜா.

சபை துள்ளி எழுந்தது. எந்தக் காலை முதலில் ஊன்றுவது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. மானம் போன ராயர் தலைப்பாகையைக் கோணலாக வைத்துக்கொண்டு காத்தமுத்துவின் மேல் பாய்ந்தார்.

"மகாராஜா, இது மோசடி! மைனா கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். இதற்கு இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? யாரிடம் கற்றது? அதைச் சொல்லச் சொல்லுங்கள் இவனை!"

"நல்ல கேள்வி" என்றார் மகாராஜா. "யாரிடம் கற்றது?"

"சத்தத்தைக் கொண்டுவருவது மட்டும்தான் எனக்கு உத்தரவு, மகாராஜா" என்றான் காத்தமுத்து. "கற்றுக்கொடுத்தவர் ஒருவர் உண்டென்று கண்டுபிடித்தவர் பிரதானி அவர்கள். பெயரையும் அவரே சொல்லிவிட்டால் முறையாக இருக்கும்."

சபை முழுவதும் ராயரைப் பார்த்தது. ராயரின் கண்ணில் உப்பளம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"நா... நான்தான் மகாராஜா. என் குறட்டைதான்."

"மைனா இருப்பது என் பள்ளியறையில். அங்கே நீர் எப்போது உறங்கினீர்?"

"மத்தியானத்தில்..."

"மத்தியானத்தில் அங்கே நான் இருக்கிறேனே! நீர் எங்கே படுத்தீர்?"

"கட்டிலுக்கு அடியில், மகாராஜா" என்றார் ராயர். சொன்ன பிறகு அவருக்கே அது அவ்வளவு நன்றாகப் படவில்லை.

அந்த நேரம் பார்த்து மைனா பாடத்தின் மீதியையும் ஒப்பித்தது. சீழ்க்கை முடிந்ததும், அச்சு அசல் மகாராஜாவின் குரலில், தூக்கக் கலக்கத்தோடு சொன்னது: "சிங்காரக்குட்டி, இன்னும் ரெண்டு அப்பம் வையேன்."

சிங்காரக்குட்டி என்பது ராணியை மகாராஜா தனிமையில் கூப்பிடும் பெயர். உலகத்தில் அதை அறிந்தவர்கள் இருவர்தான். திரைமறைவில் இருந்த ராணிதான் முதலில் சிரித்தாள். வளையல் குலுங்கும் ஓசை சபை முழுக்கக் கேட்டது. மகாராஜா மைனாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியென்றால்... அது நானா?"

காத்தமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மகாராஜா, ஊருக்கெல்லாம் கேட்டு உடையவனுக்கு மட்டும் கேட்காத சத்தம் உலகத்திலேயே இது ஒன்றுதான். உலகம் தோன்றிய நாளாகத் தன் குறட்டையை விழித்த காதால் கேட்டவர் எவரும் இல்லை. கேட்ட முதல் மனிதர் தாங்கள்தான். இதைவிடப் பெரிய அதிசயம் ஏது?"

மகாராஜா மறுபடியும் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. பிறகு சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். மோதிரம் போதாதென்று கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் காத்தமுத்துவுக்குப் போட்டார்.

"மைனா, இன்னொரு தரம்!" என்றார். இன்னொரு தரம் கேட்டார். "எருமை பிரமாதம். பிரதானி, உம் வாக்கு பொய்யாகக் கூடாது. நாளை முதல் தினமும் மத்தியானம் என் கட்டிலுக்கு அடியில் வந்து படும்."

"உத்தரவு, மகாராஜா" என்றார் ராயர்.

"காத்தமுத்து, வேறென்ன வேண்டும், கேள். இதே ஜாதியில் உன் வீட்டுக்கும் ஒரு மைனா அனுப்பட்டுமா?"

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் மகாராஜா!" என்றான் காத்தமுத்து. "எங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர்கள் யாரும் இல்லை."

நடந்தது நடந்தபடி எல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்ல விட்டுப்போனது ஒன்றுதான். உத்தண்ட மகாராஜாவுக்குச் சிறு வயதில் கண்ட ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. அதன் பிறகு பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்டதில்லை.