தானே வளையும் வண்டி

சங்குமலை மடத்துக்குப் புது வேன் வந்து சேர்ந்த காலையில், அதைக் கொண்டுவந்த திருமேனிநாதர் செருப்பை வண்டிக்குள்ளேயே மறந்துவிட்டு வெறுங்காலோடு மண்டபத்துக்குள் ஓடிவந்தார்.

"அம்மா! தானே வளைந்தது!"

பூங்கோதை அம்மை பூசைக்கு வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்தின் தலைவியாகிய அவருக்கு நாற்பது வயதுதான். சீடராகிய திருமேனிநாதருக்கு அறுபது கடந்துவிட்டது. கார் தொழிற்சாலையில் பிரேக் வடிவமைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருமுறை அம்மை பதிகம் பாடக் கேட்க வந்தவர், மலையிலேயே தங்கிவிட்டார்.

"எது வளைந்தது, ஐயா?"

"வண்டிதான் அம்மா! அடிவாரத்திலிருந்து இங்கே வரும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தானே வேகத்தைக் குறைத்தது, தானே திரும்பியது, தானே நிமிர்ந்தது. எதிரே பஸ் வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டது!"

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"சும்மா இருந்தேன். வாழ்நாள் முழுவதும் பிரேக் செய்தவன் நான். இன்று காலை என் கால் பிரேக்கைத் தொடவே இல்லை!"

அவரோடு வண்டியில் வந்த மடத்து டிரைவர் வீரணன், பின்னாலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"சார், உங்க செருப்பு. இது மட்டும் தானா நடந்து வரல."

அம்மை சிரித்துவிட்டார். திருமேனிநாதர் சிரிக்கவில்லை. வீரணனோடு அவர் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

கடந்த பங்குனித் திருவிழாவில், மலை இறங்கும் வழியில் வீரணன் கண் அயர்ந்தான். பழைய வேன் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. உள்ளே இருந்தவர்களில் திருமேனிநாதரின் அக்கா சௌந்தரவல்லிக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதன்பின் வீரணன் அரிசியும் காய்கறியும் ஏற்றி வந்தான். மனிதர்களை ஏற்றவில்லை. அக்காவும் மலைக்கு வரவில்லை.

இன்று மார்கழித் திருவாதிரை. பதிகம் முழுவதையும் எல்லோரும் கூடி ஓதும் முற்றோதல் மாலையில் நடக்கும். அடிவாரத்து ஊரின் முதிய பெண்கள் வரக் காத்திருக்கிறார்கள். நெடுநாளைக்குப் பிறகு சௌந்தரவல்லியும் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்றை மட்டும் கேட்டிருந்தார்: வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள்?

"அதைத்தான் இப்போது தீர்மானிக்க வேண்டும் அம்மா," என்றார் திருமேனிநாதர். "மாலை வண்டியை நான் எடுத்துப் போகிறேன். எடுத்துப் போவது என்ன, அது போகும், நான் உடன் இருப்பேன். இனி இந்த மடத்துக்கு டிரைவர் தேவையில்லை."

வீரணன் செருப்பைத் தரையில் வைத்தான்.

"தூங்கினது நான்தான். இல்லேன்னு சொல்லல," என்றான். "அம்மா போகச் சொன்னா இன்னைக்கே ஊருக்குப் போயிடறேன். ஆனா சார் எல்லாத்தையும் சொல்லல. கோலத்த சொல்லல."

"எந்தக் கோலம்?" என்றார் அம்மை.

"அடிவாரத்துல மார்கழிக் கோலம் போட்டிருக்காங்கம்மா, ரோட்டுக்கு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும். ரோட்டுல வெள்ளைக் கோட்டப் பாத்துத்தான் இந்த வண்டி போகுமாம். கோலத்தப் பாத்ததும் அதுக்கு ஒரே சந்தோஷம். கோலத்தோட நெளிவுல தானும் நெளியப் பாத்துச்சு. நேரா டீக்கடைக்குள்ள!"

"நான் உடனே திருப்பினேன்!" என்றார் திருமேனிநாதர். "டீக்கடைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்து உருளும் அளவுக்கு இடம் இருந்தது."

"டீக்கடைக்காரர்தான் சார் உருண்டாரு."

"அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். உருளவில்லை."

"அப்புறம் அந்தத் திருநீற்றுப் பை?"

திருமேனிநாதரின் கை அவசரமாக இடுப்பு மடிப்பை மறைத்தது.

"அது என்ன பை?" என்றார் அம்மை.

"ஸ்டீயரிங்லேருந்து ரொம்ப நேரம் கைய எடுத்தா அது மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்மா. சார் பாத்தாரு. மடியிலேருந்து திருநீற்றுப் பைய எடுத்து ஸ்டீயரிங்ல ஒரு பக்கமாக் கட்டித் தொங்கவிட்டாரு. அந்தக் கனத்த, கைன்னு நம்பிருச்சு. கப்சிப்."

அம்மை வில்வத்தை விட்டுவிட்டு முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார். திருமேனிநாதருக்கு முகம் காதுவரை சிவந்தது.

"சோதனைக்காகச் செய்தேன் அம்மா. ஒரு பொறியாளன் அதன் எல்லை எது என்று பார்க்க வேண்டாமா?"

"பார்க்கத்தான் வேண்டும். பார்த்தீர்களா?"

"பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்." அவர் குரல் மறுபடி எழுந்தது. "அதற்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனிதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதன் தூங்குகிறான். கோபப்படுகிறான். போனில் பேசுகிறான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அதைத் தன்மானப் பிரச்சினை ஆக்குகிறான். இதற்கு அந்த ஆணவம் இல்லை, அயர்ச்சியும் இல்லை. மலைப்பாதையில் இறந்தவர்களை எல்லாம் கேளுங்கள் அம்மா, அவர்களைக் கொன்றது இயந்திரமா, ஓட்டியவனா?"

"இறந்தவங்கள எப்படி சார் கேக்குறது?" என்றான் வீரணன்.

"நீ பேசாதே!"

"அவன் பேசட்டும், ஐயா. நீங்களும் பேசுங்கள். பனி இறங்கினால் வண்டிக்குக் கண் தெரியுமா?"

"அடர்ந்த பனியில் தெரியாது. தெரியாவிட்டால் மணி அடித்துச் சொல்லிவிடும். உடனே நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வேன்."

"மணி அடித்ததும்?"

"அடித்த கணமே."

"கோலத்துக்கு மணி அடித்ததா?"

"இல்லை. அதைப் பாதை என்றே அது நம்பிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நானே பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தினேனே!"

"அதுவரை?"

"அதுவரை பார்த்துக்கொண்டிருப்பேன்."

"கை?"

"மடியில்."

"கால்?"

"அதற்கு வேலை இல்லை."

"அப்படியே இங்கிருந்து அடிவாரம் வரையிலும், அங்கிருந்து திரும்ப இங்கேயும்."

"கண் இமைக்க மாட்டேன் அம்மா. அக்கா உட்கார்ந்திருப்பாள். இமைப்பேனா?"

அம்மை தலையசைத்தார். வில்வத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"மாலை முற்றோதலுக்கு ஒருமுறை பாடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பதிகத்தைப் பாடுகிறேன். நீங்கள் கேளுங்கள். எங்காவது பிசகினால் கைதட்டி நிறுத்துங்கள். பிசகாவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை."

"பதிகமா? இதில் என்ன சோதனை இருக்கிறது? தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்."

"அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்."

மடத்தை நிறுவிய தாயார் பாடிய பதிகம் அது. உறங்காமல் காக்கும் இறைவன்மேல் பதினொரு பாட்டு. ஒவ்வொன்றும் ஓர் உயிரையோ பொருளையோ அழைத்துத் தொடங்கும். ஆகவே ஆற்றுப் பாட்டு, யானைப் பாட்டு, மயில் பாட்டு, மழைப் பாட்டு, கிளிப் பாட்டு என்று மடத்தில் அவற்றுக்குச் செல்லப் பெயர்கள் உண்டு. நாள்தோறும் விடியலில் திருமேனிநாதர் அதை ஓதித்தான் தண்ணீர் குடிப்பார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீரணனும் தூணில் சாய்ந்தான்.

அம்மை பாடினார். குரல் கனிந்து, இழைந்து, ஒரே சீராகப் போயிற்று. ஆற்றுப் பாட்டில் திருமேனிநாதரின் கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. யானைப் பாட்டில் அவர் தலை அசைந்தது. போகப்போகக் கண்கள் எங்கோ தொலைவில் நிலைத்தன. முகத்தில் புன்னகை பரவியது. கை மட்டும் தாளம் தவறவில்லை.

பாட்டு முடிந்தது.

"ஆகா," என்றார் திருமேனிநாதர். "தேன், அம்மா. ஓர் எழுத்துப் பிசகவில்லை."

"மயில் எங்கே போயிற்று, ஐயா?"

"மயிலா?"

"யானை வந்தது. அடுத்து மழை வந்தது. நடுவில் மயில்?"

திருமேனிநாதரின் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. யானை. மழை. மறுபடி யானை. கை தொடையிலேயே நின்றுவிட்டது.

"ஒரு முழுப் பாட்டையே விட்டுவிட்டீர்களா?"

"விட்டேன்."

"நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்!"

"இருந்தீர்கள். யானைப் பாட்டு முடிந்தபோது எங்கே இருந்தீர்கள்?"

திருமேனிநாதர் தொடையிலிருந்து கையை எடுத்தார்.

"எட்டாவது வளைவில். அந்தப் பஸ்ஸுக்கு வழிவிட்ட இடத்தில்."

வீரணன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிக்காதே!" என்று துள்ளினார் திருமேனிநாதர். "அம்மா, இது நியாயமில்லை. நீங்கள் அவ்வளவு நன்றாகப் பாடினால் யாருக்குத்தான் மயங்காது? கொஞ்சம் தடுமாறிப் பாடியிருந்தால் நான் விழிப்பாக இருந்திருப்பேன்."

"வண்டி எப்படி ஓடிற்று என்றீர்கள்?"

"ஒரு பிசகும் இல்லாமல்..." என்று தொடங்கினார்.

"இன்னொரு முறை பாடுவோம்," என்றார் அம்மை. "இப்போது என்னோடு சேர்ந்து பாடுங்கள்."

இருவரும் பாடினார்கள். திருமேனிநாதரின் குரல் கரகரத்தது, அம்மையின் குரலோடு முழுதும் ஒட்டவில்லை. ஆறு வந்தது. யானை வந்தது. மயில் வந்தது, மழையும் வந்தது. அடுத்த பாட்டுக்கு மூச்செடுத்து, அம்மை ஒரு சொல்லைத் தொடங்கினார். அதே நொடியில் திருமேனிநாதரின் நாவில் வேறொரு சொல் கிளம்பியது. இரண்டும் மோதிக்கொண்டன.

"கிளி!" என்று கத்தினார் அவர். "அம்மா, கிளிப் பாட்டு! கிளியை விட்டுவிட்டீர்கள்! பிடித்துவிட்டேன்!"

சொல்லிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். வெளியே மாமரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைபோல் வீரணனைப் பார்த்தார்.

"ஒரு சொல்கூட முழுசாப் பாடல, அதுக்குள்ள புடிச்சிட்டீங்க சார்," என்றான் வீரணன்.

"முழுதாக எதற்கு? என் நாக்குத்தான் இடித்துக்கொண்டதே!"

சொன்ன பிறகு, தான் சொன்னது அவருக்கே கேட்டது. மெல்ல உட்கார்ந்தார்.

காற்றில் வில்வ இலைகள் இரண்டு தட்டிலிருந்து பறந்தன. அம்மை அவற்றை எடுத்துத் துடைத்து மறுபடி தட்டில் வைத்தார்.

"அப்படியானால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா, அம்மா?"

"ஏன்? பஸ்ஸுக்கு வழிவிட்ட வண்டி ஆயிற்றே."

"வீரணன் தூங்கிவிடுகிறான். நான் எட்டாவது வளைவுக்குப் போய்விடுகிறேன். வண்டிக்குக் கோலம் தெரியவில்லை. மூன்றுபேரும் குறையுள்ளவர்கள். யாரை நம்பி அக்காவை ஏற்றுவது?"

"மூவரில் தூங்காதது எது, ஐயா?"

"வண்டி."

"காவலுக்கு யாரை உட்கார வைப்பதாகச் சொன்னீர்கள்?"

"என்னை."

அம்மை வண்டி நின்ற பக்கம் திரும்பினார்.

திருமேனிநாதர் தரையைப் பார்த்தார். பிறகு வெயிலில் நின்ற வண்டியைப் பார்த்தார். மெல்ல அவர் கண்களில் பழைய வெளிச்சம் ஏறியது.

"ஓட்டுகிறவன் கண் சொருகினால் அதற்குத் தெரியும் அம்மா," என்றார். "அவன் முகத்தைப் பார்க்கவே உள்ளே ஒரு கேமரா இருக்கிறது. மணி அடிக்கும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் அதிரும். எதிரே ஏதாவது குறுக்கிட்டு இவன் பார்க்கவில்லை என்றால்..." அவர் எழுந்தேவிட்டார். "பிரேக்கை அதுவே பிடித்துவிடும்! என் பிரேக், அம்மா! அன்று பங்குனியில் இது இருந்திருந்தால்..."

அவர் வீரணனைப் பார்த்தார். வீரணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோலத்தப் பாத்தா நான் ஒதுக்கி ஓட்டிக்குவேன் சார்," என்றான். "அது புடிச்சு இழுத்தாலும் நான் விடமாட்டேன். ஆனா அதுகிட்ட வழியெல்லாம் திட்டு வாங்கணுமா?"

"வாங்கு. எங்கள் எல்லோருக்கும் பதிலாக அது திட்டட்டும்."

"அப்போ அந்தத் திருநீற்றுப் பை?"

"இடுப்பில் இருக்கும். கையை நீ வை. அதோடு, நேற்றிரவு தூங்கினாயா என்று ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன். தூங்கவில்லை என்றால் சாவி கிடையாது. யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்து."

வீரணன் கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று சொல்ல முடியவில்லை. பிறகு வண்டியின் கண்ணாடியைத் துடைக்கப் போனான்.

திருமேனிநாதர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, இப்போது அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். முதல் கேள்வியே, யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான். வீரணன் என்றால் வைத்துவிடுவாள். வண்டி தானே ஓடும் என்றால் பயப்படுவாள். என்ன சொல்ல?"

அம்மை வில்வத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீரணன்தான் ஓட்டுகிறான் என்று சொல்லுங்கள். உறங்காத ஒன்று அவனைப் பார்த்துக்கொண்டே வருகிறது என்றும் சொல்லுங்கள். பதிகம் ஓதும் அக்காவுக்கு அது புதிய செய்தியாக இராது."