முரசும் ரசமும்

கீழைத்துறைக்கு ஓர் ஆபத்து என்றால் கோட்டைவாசலில் முரசு அதிரும். எங்கிருந்தாலும் செங்கோடன் வானத்தில் பறந்து வந்துவிடுவான். நூறு யானை பலம் அவனுக்கு. இருபது வருடமாக இதுதான் ஊர் வழக்கம். போகப் போக, கிணற்றில் வாளி விழுந்தாலும் முரசைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

அவன் கல்யாணத்தன்றும் தட்டினார்கள். தாலியில் முதல் முடிச்சைப் போட்டவன் அப்படியே பறந்தான். சேற்றில் சிக்கிய எருமையைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், பந்தி முடிந்து இலை எடுத்திருந்தார்கள். அன்றைக்குத் தனியாகச் சாப்பிட்ட மனைவி குழலி இன்றுவரை தனியாகத்தான் சாப்பிடுகிறாள். அவனுக்கு அது பெரிய துக்கம்.

ஒரு மத்தியானம் குன்றின்மேல் இருந்த தன் குரு மங்கையம்மையிடம் போனான். அவர் இவனைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான்.

"அம்மா, இந்த வேலைய விட்டுரலாம்னு பாக்கறேன். காட்டை உழுது, பொண்டாட்டியோட உக்காந்து சாப்பிட்டு, சும்மா ஒரு மனுஷனா இருக்கணும். ஆனா நான் போகாம ஒரு உயிர் போயிட்டா, அந்தப் பாவம் என்னைத்தானே சேரும்?"

"முதல்ல சாப்பிடு" என்று இலை போட்டார் குரு.

சோற்றில் ரசம் ஊற்றும்போது முரசு அதிர்ந்தது. செங்கோடன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காரு. ரசம் ஓடுது."

குருவின் சொல்லைத் தட்ட முடியுமா? உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்; முரசு வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று முரசு பாதியில் நின்றது. முரசு அடிப்பவனுக்கே ஏதோ ஆகிவிட்டதோ! கைகூடக் கழுவாமல் குருவையும் தூக்கிக்கொண்டு பறந்தான்.

கோட்டைவாசல் பக்கத்தில் ஒரு கூரைவீடு பற்றி, அணைந்து, புகைந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஆறுவரை ஊரே வரிசையாக நின்றது. குடம் கைமாறிக்கொண்டிருந்தது. முரசு அடிப்பவனும் கோலைப் போட்டுவிட்டு அந்த வரிசையில் நின்றான். வருடக்கணக்கில் பேசாத இரண்டு பங்காளிகள், யார் தண்ணீரைக் கொட்டியது என்று சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ஊர்த்தலைவர் கரி அப்பிய முகத்தோடு வந்தார். "நீங்க வரலை... அதான் நாங்களே..." என்று கூச்சமும் பெருமையுமாக இழுத்தார்.

செங்கோடனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, லேசாக வலிக்கவும் செய்தது.

"அப்போ நான் வீட்டுக்குப் போலாமாம்மா?"

"போ."

"மறுபடியும் முரசு அடிச்சா?"

"நீயும் ஒரு குடத்தோட வந்து வரிசையில நில்லு" என்றார் குரு. "பறந்து வராதே. தண்ணி சிந்தும்."