சுவீடன் கட்டை

பொதிகை அடிவாரத்து மடத்தில் தாணுலிங்கம் என்றொரு சீடர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவான உலகம்மையைவிட வயதில் மூத்தவர். விடிகாலைத் தியானத்தில் மற்றவர்கள் நெளிவார்கள், கொசு அடிப்பார்கள். இவர் மட்டும் அசையமாட்டார். ஒருமுறை இவர் தலையில் மைனா கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு பறந்துபோனதாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியதே இவர்தான் என்பாரும் உண்டு.

அந்தப் பேருக்குத்தான் வேட்டு வைத்தாள் இங்ரிட். சுவீடனிலிருந்து வந்திருந்தவள், ஊர் திரும்பும்போது தன் நாட்டு மரக்காலணியைக் குருவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அடிப்பக்கம் முழுக் கட்டை; முன்பாதத்தை மூடி ஆணியடித்த தடித்த தோல்; பின்னால் திறப்பு. அதை மாட்டிக்கொண்டு உலகம்மை கல்தளத்தில் நடந்தால், டொக்கு டொக்கென்ற சத்தத்தில் அருவியே ஒரு நொடி விழ மறந்து நிற்கும்.

தாணுலிங்கம் பேரின்பத்தின் வாசலைத் தொடப்போகிற நேரம் பார்த்துத்தான் தினமும் அந்த டொக்கு கிளம்பும். விலுக்கென்று நிமிர்வார். கடைவாயைத் துடைத்துக்கொள்வார். அப்புறம் நாள் முழுக்கப் பொருமல்தான். ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் அடக்கியவன், இரண்டு கட்டையை அடக்க முடியவில்லையே என்று சமையற்கட்டு வரைக்கும் போய்ப் பொங்கினார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நேரே குருவிடமே போய் நின்றார்.

"இது மடமா, மரமறுக்கிற மில்லா, அம்மா? ஒன்று இங்கே அந்தக் கட்டை இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன்."

உலகம்மை காலணியைக் கழற்றி மூலையில் வைத்தார்.

மறுநாள் விடிகாலை வெறுங்காலோடு வந்தார்.

தாணுலிங்கம் கண்விழித்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. அவர் தலை பக்கத்துச் சீடரின் தோளில் கிடந்தது, தோள் நனைந்திருந்தது. சுற்றிலும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சாரின் குறட்டைக்கு அந்தக் கட்டையே தேவலை என்றார் ஒருவர்.

எதிரே குரு.

தாணுலிங்கத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்படியா பூனை மாதிரி வருவது? வரும்போதே ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா, அம்மா?"

உலகம்மை காவிச் சேலையின் நுனியைச் சற்று ஒதுக்கிப் பாதத்தைக் காட்டினார். காலணித் தோலின் விளிம்பு அறுத்த இடம் உரிந்து, கன்றிப்போய், புண்ணாகியிருந்தது.

"பின்னே, அந்தக் கட்டையை எதற்காக மாட்டிக்கொண்டு நடந்தேன் என்று நினைத்தீர்கள், ஐயா?"